பீட்டர் குக்கின் சரிவுக்குக் குடி மட்டுமே காரணமல்ல

ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழில் ஆங்கிலேய நகைச்சுவைக் கலைஞர் பீட்டர் குக் பற்றி வந்த கட்டுரை, அவர் வாழ்க்கையைக் 'குடியால் கெட்ட மேதை' என்ற ஒற்றைச் சட்டத்துக்குள் அடைத்துவிட்டது. குடிதான் அவரை 1995 ஜனவரி 9 அன்று 57 வயதில் கொண்டுபோனது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 1971-க்குப் பிறகு அவர் தொழிலில் சரிந்ததற்கு அதை மட்டும் காரணம் சொல்வது சரியல்ல. அவருடைய நகைச்சுவை எப்படித் தயாரானது என்பதைக் கட்டுரையாளர் பார்க்கவே இல்லை.

குக்கின் பலம் எழுதி வைத்த வசனத்தில் இல்லை. எதிரே ஒருவர் இருக்க வேண்டும், செய்தி சூடாக இருக்க வேண்டும், குறுக்கே தணிக்கையின் கத்தரிக்கோல் இருக்கக் கூடாது. இந்த மூன்றும் அமைந்தபோதெல்லாம் அவருக்கு இணை இல்லை. 1960-ல் எடின்பரோ விழாவில் ஆலன் பென்னட், ஜொனாதன் மில்லர், டட்லி மூர் ஆகியோருடன் தொடங்கிய 'பியாண்ட் த ஃபிரிஞ்ச்' என்ற நையாண்டி மேடை நிகழ்ச்சி அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோனது. அதில் அவர் பதவியில் இருந்த பிரதமர் மேக்மில்லனைப் போலவே பேசி நடிப்பார். மேக்மில்லனே ஒருநாள் அரங்கில் வந்து அமர்ந்தபோது, குக் எழுதியதை விட்டுவிட்டு அவரை நோக்கியே பேச ஆரம்பித்துவிட்டார்.

அடுத்த ஆண்டு அக்டோபரில் லண்டன் சோஹோவில், கிரீக் தெரு 18-ஆம் எண்ணில், நிக்கலஸ் லுவார்டுடன் சேர்ந்து 'எஸ்டாப்ளிஷ்மென்ட்' என்ற காபரே மன்றத்தைத் திறந்தார். அதைப் பொழுதுபோக்கு விடுதி என்று கட்டுரை ஒரு வரியில் கடந்துபோவது எனக்கு வருத்தமாக இருந்தது. அன்று பிரிட்டனில் எந்த நாடகப் பிரதியையும் தணிக்கை செய்யும் அரண்மனை அதிகாரியான லார்டு சேம்பர்லினின் அலுவலகத்துக்கு முன்கூட்டியே அனுப்பி அனுமதி பெற வேண்டும். 1968 வரை இதுதான் சட்டம். அரங்கேறிய பிறகு புதிதாக ஒரு வரி சேர்த்தாலும் அதற்கும் அனுமதி வேண்டும். உறுப்பினர்கள் மட்டும் நுழையும் மன்றம் என்றால் இந்தப் பிடி தளரும். அதனால்தான் காலையில் நாளிதழில் வந்த செய்தி அன்றிரவே அங்கே மேடையேற முடிந்தது. 1962-ல் அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் லெனி புரூஸ் வந்து பேசியதும் அங்கேதான்.

அந்த மன்றம் விழுந்ததற்கும் குடிக்கும் சம்பந்தமே கிடையாது. 1962 அக்டோபரில் குக் பிராட்வே மேடைக்காக நியூயார்க் போய்விட்டார். அடுத்த மாதமே டேவிட் ஃபிராஸ்டை வைத்து பி.பி.சி. வாராந்தர அரசியல் நையாண்டி நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கியது. சந்தா கட்டி சோஹோ வரை போய்ப் பார்த்தது வீட்டுக்கே வந்துவிட்டது. மன்றத்தின் கணக்குவழக்கைப் பார்த்துவந்த லுவார்டின் நிறுவனமும் நொடித்துப்போக, மன்றம் கைமாறியது.

1965 ஜனவரியில் பி.பி.சி. 2-ல் தொடங்கிய 'நாட் ஒன்லி பட் ஆல்சோ' அவருடைய சிகரம். முதலில் டட்லி மூருக்காக நினைத்த நிகழ்ச்சி அது. குக் விருந்தினராக வந்து நிலைத்துவிட்டார். பீட், டட் என்று துணித்தொப்பியும் மழைக்கோட்டுமாக இருவர் உட்கார்ந்து, தங்களுக்குச் சற்றும் தெரியாத விஷயங்களை ஆழமாக அலசும் பகுதிகள் எழுதும் மேசையில் பிறந்தவை அல்ல. இருவரும் பேசிப் பேசி ஒலிநாடாவில் பதிவார்கள். அதைத் தட்டச்சு செய்து, வேண்டாததை வெட்டி, போக்கை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு பார்வையாளர் முன் அமர்வார்கள். அங்கே குக் ஒத்திகையில் இல்லாத வரியை வீசுவார். மூர் சிரிப்பை அடக்கத் திணறுவார். ஓவியக் கூடக் காட்சியில் வாய் நிறைய சாண்ட்விச்சோடு மூர் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ஆனால் பார்க்க எவ்வளவு மிஞ்சியிருக்கிறது? அந்தக் காலத்து இரண்டு அங்குல அகல வீடியோ நாடா விலை மிக அதிகம். அழித்து மறுபடி பயன்படுத்தலாம். கலைஞர் ஒப்பந்தங்கள் மறுஒளிபரப்பைக் கட்டுப்படுத்தியதால், ஒளிபரப்பான நாடாவை வைத்துக்கொள்ள பி.பி.சி.க்குக் காரணம் இல்லை. மொத்தப் பகுதிகளில் பாதிக்கும் குறைவானவையே இன்று முழுமையாக உள்ளன. 1970-ல் வண்ணத்தில் வந்த மூன்றாம் தொடரின் அரங்கக் காட்சிகள் போயின. படச்சுருளில் தனியே எடுத்த காட்சிகள் தப்பின. அழிக்கப்போவதை அறிந்து குக் தானே பணம் தந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். புது நாடா வாங்கித் தருகிறேன் என்றும் கேட்டுப் பார்த்தார். இரண்டும் மறுக்கப்பட்டன. ஒரு கலைஞனின் சிறந்த ஆண்டுகளை அழித்துவிட்டு, மிஞ்சிய ஆண்டுகளை வைத்து அவனை எடைபோடுவது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

1971-ல் அவரைத் தனியாக உட்காரவைத்து ஓர் உரையாடல் நிகழ்ச்சி நடத்தச் சொன்னார்கள். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது அவருடைய வேலையே அல்ல. அவரிடம் கேட்கத்தான் ஆள் வேண்டும். திட்டமிட்டது 12 வாரம், மூன்றே வாரத்தில் நிறுத்திவிட்டார்கள். மூருடன் ஆஸ்திரேலியா, லண்டன், அமெரிக்கா என்று மேடை மேடையாக ஒரே காட்சிகளை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப நடித்ததும் அதே காலம்தான். குடி முற்றியது அப்போதுதான். பிறகு மூர் அமெரிக்காவிலேயே தங்கித் திரைநட்சத்திரமானார். குக்குக்கு எதிர் நாற்காலி காலியானது. 1981-ல் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் பிறர் எழுதிய வசனத்தை ஒப்பிக்கும் பணியாள் வேடம் கிடைத்தது. அவர் அதில் சோபிக்காததில் வியப்பில்லை.

சரிவு என்று கட்டுரை சொல்லும் அதே காலத்தில் நடந்த இன்னும் சிலவற்றைச் சேர்த்தே பார்க்க வேண்டும். 1979 ஜூனில், லிபரல் கட்சியின் முன்னாள் தலைவர் ஜெரமி தார்ப் கொலைச் சதி வழக்கில் விடுதலையான ஒரு வாரத்துக்குள், அம்னஸ்டி என்ற மனித உரிமை அமைப்பின் நிதிக்கான மேடையில், அந்த வழக்கின் நீதிபதி ஜூரிக்கு வழங்கிய பாரபட்சமான தொகுப்புரையைக் குக் கிழித்துத் தொங்கவிட்டார். சில மணி நேரத்தில் எழுதியது அது. 1993 டிசம்பரில் கிளைவ் ஆண்டர்சனின் தொலைக்காட்சி உரையாடல் நிகழ்ச்சியில் ஒரே இரவில் நான்கு வெவ்வேறு மனிதர்களாக வந்து அமர்ந்தார். 1994-ல் வானொலியில் கிறிஸ் மோரிஸ் என்ற இளைஞர் முன்னறிவிப்பின்றிக் கேள்விகளை வீச, குக் சளைக்காமல் பதில் சொன்னார். உடல் தளர்ந்திருந்தது, எதிரே ஆள் கிடைத்ததும் வாய் பழைய வேகத்துக்கு வந்துவிட்டது.

கட்டுரையில் உள்ள '1975-க்குப் பிறகு குறிப்பிடத்தக்கது எதுவும் இல்லை' என்ற வரியைத் தயவுசெய்து திருத்தி வெளியிடுங்கள். பீட்டர் குக்கைப் புதிதாக அறிய விரும்பும் வாசகர்களுக்கு அந்த நீதிபதி உரையையும் ஓவியக் கூடக் காட்சியையும் முதலில் பரிந்துரைக்கலாம். இரண்டும் பதிவாக இருக்கின்றன.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி