எந்தச் செயல் இயக்குநர்?

ஆசிரியருக்கு,

உங்கள் வணிகப் பக்கத்தில் பொருளாதார வல்லுநர்களின் நியமனச் செய்தி வரும்போதெல்லாம் ‘ரிசர்வ் வங்கிச் செயல் இயக்குநர்’, ‘ஐ.எம்.எஃப். (சர்வதேச நாணய நிதியம்) செயல் இயக்குநர்’ என்ற இரண்டும் ஒரே மாதிரிப் பதவிகள் போலவே எழுதப்படுகின்றன. பெயர்தான் ஒன்று. நியமிப்பவரும் வேறு, செய்யும் வேலையும் வேறு.

ரிசர்வ் வங்கியில் செயல் இயக்குநர் என்பது ஊழியர் ஏணியின் உச்சிப் படி. அதற்கு மேலுள்ள துணை ஆளுநர்களையும் ஆளுநரையும் 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவுப்படி மத்திய அரசுதான் நியமிக்கும். வங்கியின் பொருளாதார ஆய்வுத் துறைக்குள் நுழைய, பொருளியலில் முதுகலை முடித்து ‘பி’ கிரேடு அதிகாரித் தேர்வு எழுத வேண்டும். பிறகு உதவி ஆலோசகர், இயக்குநர், ஆலோசகர், முதன்மை ஆலோசகர் என்று படிப்படியாகத்தான். இதில் வரும் வெறும் ‘இயக்குநர்’ நடுப்படி. மத்திய வாரியத்தில் உட்காரும் தொழிலதிபர்களும் ‘இயக்குநர்’தான், ஆனால் அவர்கள் வங்கி ஊழியர்களே அல்லர். செய்தி எழுதுபவர் குழம்புவதில் ஆச்சரியமில்லை.

இந்த ஏணி எவ்வளவு நீளம் என்பதற்கு மைக்கேல் பத்ரா போதும். 1985இல் வங்கியில் சேர்ந்தவர் துணை ஆளுநரானது 2020 ஜனவரியில். ஆளுநர் நாற்காலி அதைவிட அபூர்வம். வங்கியின் சொந்த ஊழியர் வரிசையிலிருந்து அதில் உட்கார்ந்தவர் எம். நரசிம்மம் ஒருவரே, அதுவும் 1977இல், ஏழே மாதம்.

ஐ.எம்.எஃப்.பில் செயல் இயக்குநர் ஏணியில் ஏறி வருபவர் அல்லர். 25 பேர் கொண்ட நிர்வாக வாரியத்தில் உறுப்பு நாடுகளின் சார்பில் அமர்பவர். இந்தியா, இலங்கை, வங்கதேசம், பூட்டான் நான்குக்கும் சேர்த்து ஒரே நாற்காலி. முறைப்படி இரண்டாண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடக்கும். நான்கில் பெரும்பகுதி வாக்கு இந்தியாவிடம் இருப்பதால் டெல்லி யாரைச் சொல்கிறதோ அவரே வருவார். ஊழியர்களின் நிலை இதற்கு நேர்மாறு. நிதியத்தின் உடன்படிக்கையில் 12ஆம் விதி, அவர்கள் நிதியத்துக்கு மட்டுமே கடமைப்பட்டவர்கள் என்கிறது. சொந்த நாட்டு அரசு அவர்களுக்கு உத்தரவிட முடியாது.

வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் நிதியம் வெளியிடும் இலங்கை அறிக்கை ஒன்றைத் திறந்து பாருங்கள். முன்பகுதி ஊழியர்கள் எழுதியது: இவ்வளவு வரி கூட்டு, மின்கட்டணத்தைச் செலவுக்கு ஈடாக்கு என்பதெல்லாம் அங்கே இருக்கும். கடைசியில் சில பக்கங்கள் தனியாக, ‘இலங்கைக்கான செயல் இயக்குநரின் அறிக்கை’ என்ற தலைப்பில் வரும். அதில் கேட்பது கொழும்பின் குரல். முன்பகுதிக்கும் அதற்கும் தொனியே வேறாக இருக்கும்.

உர்ஜித் பட்டேல் இரண்டு வாசல் வழியாகவும் போனவர். 1990இல் ஐ.எம்.எஃப். ஊழியராகச் சேர்ந்தார். பிற்பாடு ரிசர்வ் வங்கியில் துணை ஆளுநர், 2016இலிருந்து ஆளுநர், 2018 டிசம்பரில் ராஜினாமா. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு அவரை ஐ.எம்.எஃப். செயல் இயக்குநராக நியமித்தது. ‘பழைய வேலைக்குத் திரும்பினார்’ என்று எழுதினால் பாதிதான் சரி. கட்டடம் அதேதான், இருக்கை எதிர்வரிசை. ரகுராம் ராஜனும் கீதா கோபிநாத்தும் அங்கே வகித்த தலைமைப் பொருளாதார வல்லுநர் பதவியோ ஊழியர் பக்கத்தைச் சேர்ந்தது. இந்திய அரசு அவர்களை அங்கே அனுப்பவில்லை. ‘இந்தியாவின் பிரதிநிதி’ என்று எழுதுவது தவறு.

துணை ஆளுநர் பதவிகள் நான்கு. இரண்டு உள்ளிருந்து வருபவர்களுக்கு, ஒன்று வணிக வங்கியாளருக்கு, ஒன்று பொருளாதார வல்லுநருக்கு என்பது வழக்கமே தவிர சட்டம் அல்ல. அந்த நான்காவது இருக்கை காலியானால் உடனே ஆள் வருவதில்லை. விரல் ஆச்சார்யா 2019 ஜூலையில் விலகியபின் பத்ரா வரும்வரை சுமார் ஆறு மாதம் காலி. பத்ரா 2025 ஜனவரியில் ஓய்வுபெற்றபின், ஐ.எம்.எஃப்., உலக வங்கி இரண்டிலும் ஊழியராக இருந்த பூனம் குப்தா பொறுப்பேற்க மே ஆயிற்று. நடுவில் பிப்ரவரியில் ரெப்போ வட்டி (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி தரும் கடனுக்கான வட்டி) 6.50இலிருந்து 6.25 சதவீதமாகக் குறைந்தது. பணவியல் பொறுப்பையும், வட்டி விகிதத்தை முடிவுசெய்யும் ஆறு பேர் குழுவில் அதனோடு வரும் ஒரு வாக்கையும் அப்போது இன்னொரு துணை ஆளுநரான ராஜேஸ்வர ராவ் சேர்த்துக் கவனித்தார்.

அந்தக் குழுவில் அரசு நியமிக்கும் வெளி உறுப்பினர்கள் மூவர் விஷயத்தில் தாமதமானால் இன்னும் சிக்கல். கூட்டம் கூட நான்கு பேர் வேண்டும். வங்கித் தரப்பில் இருப்பது மூவர். 2020இல் மூன்று வெளி உறுப்பினர்களின் பதவிக்காலமும் முடிந்து, புதியவர்களை அரசு நியமிக்காததால், செப்டம்பர் 29இல் தொடங்க வேண்டிய கூட்டம் அக்டோபர் 7க்குத் தள்ளிப்போனது.

நியமனச் செய்தியில் இரண்டு விவரம் சேர்த்தால் போதும்: நியமித்தது யார், அதற்குமுன் அவர் ஊழியரா பிரதிநிதியா.

இன்னொன்று. அந்தக் குழுவை ‘நிதிக் கொள்கைக் குழு’ என்றே அச்சிடுகிறீர்கள். நிதிக் கொள்கை பட்ஜெட்டில் இருப்பது; வட்டி விகிதம் பணவியல் கொள்கை. 2025 பிப்ரவரி 1ஆம் தேதி பட்ஜெட், 7ஆம் தேதி வட்டிக் குறைப்பு. இரண்டையும் ஒரே பெயரால் எழுதினால், வருமான வரியைக் குறைத்தது ரிசர்வ் வங்கி என்று வாசகர் நினைத்துக்கொள்வார்.

இப்படிக்கு,
பொருளியல் ஆசிரியர் ஒருவர்,
திருச்சி