வருகைப் பதிவேடு சொல்லாதது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கட்டாயப் பள்ளிக் கல்வியால் குழந்தைகளுக்கு நன்மை உண்டா என்ற விவாதத்தில், பள்ளிக்கு வருவதையும் படிப்பு வருவதையும் ஒன்றாக்கிவிடுகிறோம். சட்டத்தால் முடிவது முதலாவது மட்டும்தான். அது சின்ன விஷயமல்ல. சட்டம் பள்ளியில் பிடித்து வைத்ததால் மட்டுமே கூடுதலாகப் படித்த அமெரிக்கர்கள் பின்னாளில் அதிகம் சம்பாதித்தார்கள் என்று பொருளியலாளர்கள் ஆங்ரிஸ்ட், குரூகர் இருவரும் 1991இல் காட்டினார்கள். ஆனால், ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் 10 வயதுப் பிள்ளைகளில் 53 சதவீதம் பேருக்கு எளிய பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை என்று 2019இல் உலக வங்கி கணித்தது. அவர்களில் பெரும்பாலோர் பள்ளியில் பெயர் உள்ளவர்கள்.

கோளாறு இரண்டாம் வகுப்பு முடியும்போது தொடங்குகிறது. மூன்றாம் வகுப்பிலிருந்து எல்லாப் பாடமும் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும் என்று எண்ணியே எழுதப்படுகிறது. வாசிக்க வராத பிள்ளை கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொள்ளும். நோட்டுப் புத்தகம் அழகாகவே இருக்கும். எழுத்துத் தேர்விலும் இது எளிதில் பிடிபடாது. ஃபெயிலாக்கினாலும் பயனில்லை. படிக்க முடியாத அதே பாடத்தைத்தான் அடுத்த ஆண்டும் கொடுக்கிறோம்.

ஒவ்வொரு பிள்ளையையும் தனியே உட்காரவைத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்ல வேண்டும்: எழுத்து, சொல், நான்கு வரிப் பத்தி, சிறுகதை. ஆளுக்கு ஐந்து நிமிடம் போதும். 40 பேரை இரண்டு மூன்று நாளில் முடித்துவிடலாம். பிறகு 3, 4, 5ஆம் வகுப்புகளைக் கலந்து, தடையின்றிப் படிக்கும் நிலையை வைத்துக் குழு பிரித்து, தினமும் ஒரு மணி நேரம் அந்த நிலையிலிருந்து சொல்லித்தர வேண்டும். சில வாரங்களுக்கு ஒருமுறை மறுபடி கேட்டு, தேறியவரை உடனே மேல் குழுவுக்கு மாற்ற வேண்டும். மாற்றாமல் ஆண்டு முழுக்க அப்படியே விட்டால் கீழ்க்குழு ‘மக்குக் குழு’ என்று பெயர் வாங்கிவிடும். அதை அனுபவமில்லாத ஆசிரியரிடம் தள்ளிவிடுவதும் வழக்கமாக நடக்கும் தவறு.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, இதற்கென நேரம் ஒதுக்காதது. ஹரியாணா அரசுப் பள்ளிகளில் இந்த முறையைத் தனி மணி நேரம் ஒதுக்கி, கண்காணித்துச் செய்தபோது மொழித்திறன் உயர்ந்தது, கணக்கில் உயரவில்லை. வேறு மாநிலங்களில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியையும் ஏடுகளையும் மட்டும் கொடுத்து வழக்கமான பாடவேளைக்குள் விட்டபோது பெரிதாக எதுவும் மாறவில்லை. பள்ளியைப் பார்வையிட வரும் அதிகாரி “எத்தனை பாடம் முடிந்தது?” என்றே கேட்டால், ஆசிரியர் பாடத்தைத்தான் முடிப்பார்.

ஆகவே, வருகைப் பதிவேட்டில் இன்னொரு கட்டம் சேர்க்க வேண்டும்: இரண்டாம் வகுப்பு முடிவில் இந்தப் பிள்ளைக்கு வாசிப்பு எந்த நிலையில் இருக்கிறது? பத்தியை எட்டாத பிள்ளைக்கு மறு ஆண்டின் முதல் வாரத்திலிருந்தே அந்தக் கூடுதல் மணி நேரத்தைத் தருவது பள்ளியின் சட்டக் கடமையாக வேண்டும். கட்டாயம் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் மட்டும் இருப்பது நியாயமல்ல.

இப்படிக்கு,
தொடக்கநிலை ஆசிரியர் பயிற்றுநர்கள்