அந்தச் சிவப்புப் பெட்டி அரக்கு இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல சீனாவோட பழைய சிவப்பு டப்பா ஒண்ணைப் படம் போட்டு, கீழ "மரத்தில் செதுக்கி அரக்கு பூசிய பெட்டி"ன்னு எழுதியிருந்தீங்க. படம் அவ்ளோ அழகு. ஆனா அந்த ஒரு வரியில ரெண்டு தப்பு இருக்கு, முப்பது வருஷம் ஸ்கூல்ல கெமிஸ்ட்ரி நடத்தினவ நான், பாத்துட்டு சும்மா இருக்க முடியல.

முதல்ல அது அரக்கே கிடையாது. அரக்குங்கிறது மரக்கிளையில அப்பிக்கிட்டு இருக்கிற குட்டிப் பூச்சி சுரக்கிறது, பார்சலுக்கு உருக்கி சீல் வைப்பாங்களே அது, பாண்டவங்கள எரிக்கிறதுக்குன்னு கட்டின மாளிகையும் அதுலதான். சீனாக்காரங்க எடுக்கிறது மரத்துப் பால். நம்ம ரப்பர் மரத்துல கீறி எடுக்கிற மாதிரிதான், ஆனா கிடைக்கிறது கொஞ்சூண்டு, பச்சையா கையில பட்டா தோல் தடிச்சு கொப்புளமே வந்துடும். அரக்கு சூடு காட்டினா உருகும், ஸ்பிரிட்ல கரையும், இந்தப் பால் ஒருதடவை இறுகிட்டா ரெண்டுக்கும் அசையாது. இன்னொண்ணு, இதைக் காய வைக்க வெயில் உதவாது, ஈரக்காத்துதான் வேணும், ஏன்னா பாலுக்குள்ளயே இருக்கிற ஒரு என்சைம்தான் காத்துல உள்ள ஆக்ஸிஜனை வெச்சு இறுக்குது, அது வேலை செய்ய ஈரப்பதம் இருக்கணும். இந்தப் பாலுக்கு இங்கிலீஷ்ல லாக்கர்னு பேரு, அப்படியே போட்டா பேங்க் லாக்கர்னு நினைச்சுக்குவாங்கன்னு அரக்குன்னு போட்டிருப்பீங்க, புரியுது. லாக்கர் மரப்பால்னு போடலாமே.

ரெண்டாவது தப்புதான் எனக்கு ரொம்ப மனசு கஷ்டமா போச்சு. செதுக்கினது மரத்துல இல்லீங்க, அந்தப் பாலுலயேதான். உள்ள இருக்கிற மரம் வெறும் கூடு. சாதிலிங்கம்ங்கிற சிவப்புப் பாதரசக் கல்லை அரைச்சுக் கலந்த பாலை ஒரு கோட்டிங் பூசி, அது இறுகற வரைக்கும் காத்திருந்து, தேய்ச்சு, மறுபடி பூசி, இப்படி நூறு கோட்டிங் வரைக்கும்கூட ஏத்துவாங்க, மாசக்கணக்கா ஆகும், அப்புறம்தான் உளியே எடுப்பாங்க. கை தவறினா ஒட்டுப்போட வழியில்ல. 14ம் நூற்றாண்டுல சீனாவுல ஜியாஷிங்ங்கிற ஊர் பக்கத்துல சாங் செங், யாங் மாவ்னு ரெண்டு பேர் இதுல பேர் போனவங்க, பின்னாடி வந்தவங்க தாங்க செஞ்சதுலகூட இவங்க பேரைக் கீறி வெச்சிருக்காங்கன்னா பாத்துக்கோங்க.

மகள் வீட்டுக்கு லண்டன் போனப்ப விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துல இதே மாதிரி செதுக்கின ஒரு மேஜை பாத்தேன், சீனாவோட சுவாந்தெ சக்கரவர்த்தி காலம், 1426லேருந்து 1435க்குள்ள செஞ்சது, மூணு டிராயர், கால் வரைக்கும் ஒரு இடம் விடாம வேலைப்பாடு. மேல டிராகனும் ஃபீனிக்ஸ் பறவையும். குனிஞ்சு பாத்தா டிராகன் பாதத்துல ஒரு நகத்தை மட்டும் சுரண்டி எடுத்திருக்காங்க, அஞ்சு நகம்னா சக்கரவர்த்திக்கு உரியது, அரண்மனையை விட்டு வெளிய போனப்ப யாரோ அதை மறைச்சிருக்கணும்னு எனக்குத் தோணுது. ரொம்ப நேரம் அங்கயே நின்னுட்டேன்.

இது வெறும் வார்த்தைப் பிரச்சனை இல்ல சார். அச்சுல ஊத்தின பிளாஸ்டிக் மாதிரி பிசின் டப்பாவுக்குச் சிவப்பு அடிச்சு ஆன்டிக்னு விக்கிறாங்க. உங்க வரியை நம்பி ஒருத்தர் உள்ள மரம் இருக்கான்னு மட்டும் பாத்தா ஏமாந்துடுவார். பாக்க வேண்டியது ஓரத்துல எங்கயாவது சின்னதா உடைஞ்ச இடம், லென்ஸ் வெச்சுப் பாத்தா மெல்லிசு மெல்லிசா அடுக்கு தெரியும், அச்சு வார்ப்புல அது இருக்காது, செதுக்கின கோடும் மழுங்கிப் போய் இருக்கும்.

அடுத்த ஞாயிறு ஒரு திருத்தம் போடுங்க. முடிஞ்சா அந்த அடுக்கு தெரியிற மாதிரி கிட்டத்துல எடுத்த படம் ஒண்ணும் சேர்த்துப் போடுங்க.

இப்படிக்கு,
உங்க நீண்டநாள் வாசகி,
திருச்சி