கோப்பிக் காலத்தில் ஒரு தேத்தண்ணி

அன்புள்ள ராஜுவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் பிந்தியதற்குக் காரணம் சினிமா. சிரிக்காதே மச்சான், நம் தோட்டத்து மேல்கணக்கில் படப்பிடிப்பு நடந்தது. 1850 வாக்கில் கண்டிச் சீமைக்கு வந்த ஒருவனின் கதையாம்.

பழைய லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், பத்து நாள் வேலை. டிஷ்களைக் கழற்றினார்கள், கரண்ட் கம்பியை மறைத்தார்கள், தகரத்துக்கு மேல் மானாப்புல் வேய்ந்தார்கள். நான் வாத்தியாராக இருந்தவன் என்று கேள்விப்பட்டு ஒரு பையன் வந்தான். "சேர், இந்த மாதிரிச் சட்டி அந்தக் காலத்தில் இருந்திருக்குமா?" அந்த அக்கறை எனக்குப் பிடித்துப்போய், அம்மாவின் கறுப்புக் கம்பளியைக்கூட இரவல் கொடுத்தேன்.

அப்புறம் பார்த்தால், கதாநாயகி கூடையோடு நிரையில் நின்று கொழுந்து கிள்ளுகிறாள்! 1850இல் ஏது கொழுந்து? ஜேம்ஸ் டெய்லர் துரை லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டதே 1867இல்தான். 1869இல் கோப்பியில் இலைநோய் கண்டு, கோப்பி அழிந்த பிறகுதானே மலையெல்லாம் தேயிலை ஏறியது? அதுவும் அவள் நின்றது வீ.பி. மலை, அதாவது வெட்டுத்துண்டு நட்டு வளர்த்த புதுத் தேயிலை; தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் டி.ஆர்.ஐ. 2025 ரகம். 2025 என்பது வருஷமில்லை, ரகத்தின் எண்தான். ஆனாலும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பையனிடம் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. "தேயிலை இல்லாவிட்டால் இது மலையகம் என்று யாருக்கு சேர் தெரியும்?" என்றான். எனக்கு வாயடைத்துப்போயிற்று. மேடைக்கு மேடை நாமும் தேயிலையைத்தானே பேசுகிறோம்? மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்து, வாந்திபேதியில் பாதி வழியில் விழுந்தவர்கள் தேயிலைச் செடியையே பார்த்ததில்லை. வந்தவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். கோப்பிப் பழம் பறித்து முடிந்ததும் பலர் ஊர் திரும்பினார்கள். அப்படி எடுத்தால் காதலுக்கு எங்கே போவது என்கிறாயா, அதுவும் சரிதான்.

கதாநாயகன் நானுஓயாவில் ரயில் விட்டு இறங்குவதை (அங்கே ரயில் வந்தது 1885இல்) நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் களைத்து வந்தவனுக்கு லயத்தில் ஒரு கிழவி தேத்தண்ணி நீட்டினாளே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் ஒரு கோப்பி மரம் நிற்குமே, நாம் பழத்தைச் சூப்பிவிட்டுக் கொட்டையைத் துப்புவோமே, ஞாபகம் இருக்கிறதா? இப்போது சிவக்கச் சிவக்கப் பழுத்திருக்கிறது. கேமராவுக்கு நூறு அடி தள்ளித்தான். யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

கம்பளி பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டது. மானாப்புல்லை மட்டும் அப்படியே விட்டுப்போனார்கள். லயத்துக் கடைசிக் காம்பராவில் குடியிருப்பவர் அதை எடுத்து மாட்டுக்கொட்டிலுக்குப் போட்டிருக்கிறார். நேற்றைய மழைக்கு ஒழுகவே இல்லையாம்.

அன்புடன்,
சிவா