நடுவில் வரும் பந்து

கொடைக்கானல்
17.11.2024

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இங்கே நலம். உன் நலமறிய ஆவல்.

வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறாய். ஆறு வாரமாக அந்தக் கட்டைவிரலைத்தான் உன் அம்மாவும் நானும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதனால்தான் கவர் வாங்கி எழுதுகிறேன். பெங்களூரு அறை முகவரி பழைய டைரியில் இருந்தது. நீ இன்னும் அங்கேதான் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு அனுப்புகிறேன்.

கார்த்திகை பிறந்தும் மழை விட்டபாடில்லை. கிளப் டென்னிஸ் கோர்ட்டில் தண்ணீர் நிற்கிறது. புதுப் பையன்களுக்கு எந்தப் பதத்தில் ரோலர் போடுவது என்றே தெரியவில்லை. ஈரத்தில் உருட்டிவிட்டு, மண்ணெல்லாம் ரோலரோடு பெயர்ந்து வருகிறது அண்ணாச்சி என்று எனக்கு போன் போடுகிறார்கள். நான் ரிடையர் ஆகி நாலு வருடம் ஆகிறது. இருந்தாலும் போய்ச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் வருகிறேன். உன் அம்மாவுக்கு அதில் கோபம். முந்தாநாள் ராத்திரி இரண்டு காட்டெருமை நம் சௌசௌப் பந்தலுக்கு அடியில் வந்து படுத்துக்கொண்டன. காலை ஏழு மணி வரை எழுந்திருக்கவில்லை. பால்காரர் மேட்டிலேயே நின்று கத்திக்கொண்டிருந்தார். மன்னவனூர்ப் பெரியம்மா மூன்று கிலோ பூண்டு கொடுத்துவிட்டிருக்கிறாள். உனக்கு ஒரு கிலோ தனியாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? மணிக்கட்டு எப்படி இருக்கிறது? ராத்திரி சுடுதண்ணீர் ஒத்தடம் கொடு. சும்மா இருக்கிற நாளிலும் கொடு.

பக்கத்து வீட்டுத் தம்பி எனக்காக ஒவ்வொரு வாரமும் டிரா, அதாவது போட்டியில் யார் யார் ஆடுகிறார்கள் என்ற பட்டியல், பார்த்துச் சொல்வான், உனக்குத் தெரியும். மொனாஸ்டிர், அன்டால்யா என்று ஊர்ப் பெயரெல்லாம் இப்போது அவனுக்கு வத்தலக்குண்டு, பெருமாள்மலை மாதிரி ஆகிவிட்டது. ஐந்து வாரமாக உன் பெயர் இல்லை. ஓய்வு எடுக்கிறாய் போல என்றுதான் நினைத்தேன். போன வாரம் உன் கூட ஆடுகிற அந்தப் பொண்ணு பெயர் வந்தது. பக்கத்தில் வேறொரு பெயர். எழுத்துப் பிழையாக இருக்கும், திரும்பப் பார் என்றேன். அவன் திரும்பப் பார்த்தான். அப்புறம் அவன் ஒன்றும் சொல்லவில்லை, நானும் ஒன்றும் கேட்கவில்லை.

உன்னிடமும் நான் ஒன்றும் கேட்கவில்லை. உன் விஷயம் உனக்குத் தெரியும். முப்பது வயதுப் பெண்ணிடம் அப்பன் கேள்வி கேட்கக் கூடாது.

ஆனால் ஒன்று. டபுள்ஸ் ரேங்க் 52 வாரக் கணக்கு என்று நீதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். போன வருடம் இந்த வாரம் எடுத்த புள்ளி இந்த வாரம் போய்விடும். நீ ஆடினாலும் போகும், வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் போகும். உன் ரேங்கையும் கூட ஆடுகிறவள் ரேங்கையும் கூட்டித்தான் டிராவில் இடம் கிடைக்கும் என்பதும் நீ சொன்னதுதான். அப்படியானால் நாள் தள்ளத் தள்ள உன்னோடு சேர யார் வருவார்கள்? கேள்வியாகக் கேட்கவில்லை, கணக்குச் சொன்னேன்.

பார்ட்னர் போவது உலகத்தில் இல்லாத விஷயமா? சானியாவும் ஹிங்கிஸும் தொடர்ந்து 41 மேட்ச் ஜெயித்தவர்கள். 2015 விம்பிள்டன் இறுதி ஆட்டத்தை நம் வீட்டு டிவியில் ராத்திரி உட்கார்ந்து பார்த்தோமே, மூன்றாவது செட்டில் 2-5 என்று கீழே கிடந்து 7-5 என்று எழுந்தார்களே. உன் அம்மா சுவாமி விளக்கை அணைக்கவே விடவில்லை. அப்படிப்பட்ட ஜோடி அடுத்த வருடம் ஆகஸ்டில் பிரிந்தது. அதே மாதம் சின்சினாட்டி இறுதியில் இருவரும் எதிரெதிர் பக்கம் நின்றார்கள், சானியா வேறு பார்ட்னரோடு ஜெயித்தாள். யாரும் யாரையும் கொன்றுவிடவில்லை.

2022 செப்டம்பரில் நுங்கம்பாக்கத்தில் சென்னை ஓப்பன் பார்க்க என்னைக் கூட்டிப்போனாய். அந்த பிரேசில்காரி, ஸ்டெஃபானி. முந்தின வருடம் நியூயார்க்கில் அரையிறுதி ஆடும்போது முழங்கால் போய், சக்கர நாற்காலியில் வெளியே கொண்டுபோனார்கள் என்று நீ சொன்னாய். ஒரு வருடம் கழித்து முதல் போட்டியாக நம் ஊருக்கு வந்து, அன்றைக்கு நியூயார்க்கில் கூட இருந்த அதே டப்ரோவ்ஸ்கியோடு சேர்ந்து கோப்பை வாங்கினாள். நீ அன்றைக்கு அழுதாய். வியர்வை என்றாய். செப்டம்பர் வெயிலில் நான் அதை நம்பினேன்.

போபண்ணா இந்த வருடம் ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் ஜெயித்தபோது 43 வயது. குடகுக் காப்பித் தோட்டத்துப் பிள்ளை. அவரும் மலையிலிருந்து போனவர்தான் என்று கிளப்பில் எல்லாரிடமும் சொன்னேன். நம் மலையில் உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? பேப்பரில் உன் படம் வந்த பக்கம் இன்னும் ஸ்டோர் ரூம் கதவில்தான் ஒட்டியிருக்கிறது. நெட் எடுக்க வருகிறவன் எல்லாம் அதைப் பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

அந்தப் பக்கத்தில் ஒரு வரி எனக்குக் கொஞ்சம் உறுத்தல். 'அப்பா விளையாட்டுத் துறையில் இருந்தவர்' என்று சொல்லியிருந்தாய். மார்க்கர் என்று சொல்லியிருக்கலாம். முப்பத்தேழு வருடம் சுண்ணாம்பில் கோடு போட்டிருக்கிறேன், மெம்பர்களுக்குப் பந்து போட்டிருக்கிறேன், ராக்கெட்டுக்கு நரம்பு கட்டியிருக்கிறேன். துறை என்றெல்லாம் ஒன்றும் இல்லை. சரி, போகட்டும். பேப்பர்காரர்களே மாற்றிப் போட்டிருப்பார்கள்.

நான் ஒன்றும் தெரியாதவன் இல்லை பாப்பா. வயதான மெம்பர்கள் சிங்கிள்ஸ் ஆடமாட்டார்கள், இந்த ஏழாயிரம் அடி உயரத்தில் மூச்சு வாங்கும். அதனால் என் வாழ்நாள் முழுக்க நான் பார்த்தது டபுள்ஸ்தான். இங்கே காற்று லேசு, பந்து பறக்கும். சும்மா தட்டினாலே கோட்டைத் தாண்டும். அதற்காகத்தான் உனக்குச் சின்ன வயதிலேயே பந்தை மேலே சுழற்றி அடிக்கப் பழக்கினேன். முதல் தடவை மதுரையில் ஆடியபோது அந்தப் பந்தெல்லாம் வலையில் விழுந்து நீ ராக்கெட்டைப் பார்த்தாய், ஞாபகம் இருக்கிறதா. ஒரு வாரத்தில் சரி செய்துகொண்டாய். கீழே இறங்கியதும் தானே திருத்திக்கொண்ட பெண் நீ. அதைத்தான் சொல்ல வருகிறேன். திருத்திக்கொள்ள உனக்குத் தெரியும்.

மணிக்கட்டுக்கு ஒத்தடம் கொடுப்பதை மறக்காதே.

அந்தக் கடைசி மேட்ச்சை நான் பார்த்தேன். தம்பி போனில் காட்டினான். நடுவில் நடுவில் படம் நின்று நின்று போனது. ஒரு செட் உங்களுக்கு, ஒரு செட் அவர்களுக்கு. மூன்றாவது செட்டுக்குப் பதில் பத்துப் புள்ளி வரை ஆட்டம். 8-9. நீ இடது பக்கம் நின்றாய். பந்து நடுவில் வந்தது. இரண்டு பேரும் வலது கை என்றால், இடது பக்கம் நிற்கிறவளுக்கு ஃபோர்ஹேண்ட் நடுவில் இருக்கிறது, நடுப்பந்து அவளுடையது. இதை எந்தப் புத்தகத்திலும் பார்க்க வேண்டாம், நம் கோர்ட்டில் எழுபது வயது டாக்டருக்கே தெரியும். வலையும் அங்கேதான் தாழ்வு. கம்பத்தில் மூன்றரை அடி, நடுவில் மூன்றடி. எவ்வளவு அடக்கமான அடியையும் அங்கே கொண்டுபோய் வைப்பார்கள்.

நீ ராக்கெட்டைத் தூக்கிவிட்டாய். தூக்கினதை நான் பார்த்தேன். அப்புறம் 'யுவர்ஸ்' என்றாய்.

அவளும் அசையவில்லை. பந்து இரண்டு பேருக்கும் நடுவே போயிற்று. அவள் உனக்காக நிற்காமல் பையை எடுத்துக்கொண்டு போனதும் தெரிந்தது. தம்பி போனை அணைத்துவிட்டு, நெட் போயிருச்சு மாமா என்றான். நல்ல பையன்.

அன்றிலிருந்து உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்து, பூண்டு, மழை, எருமை என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். இந்தக் கடிதத்திலும் இவ்வளவு தூரம் தள்ளிவிட்டேன்.

2006 மே சீசன் போட்டி. குறிஞ்சி பூத்த வருடம், உனக்குப் பன்னிரண்டு வயது. அந்தக் கமிட்டிக்காரர் பெயரை எழுத எனக்கு இஷ்டமில்லை, உனக்கே தெரியும். லீவுக்கு வந்த பேத்திக்கு ஒரு பார்ட்னர் வேண்டும், உன் பொண்ணை நிறுத்து மார்க்கர் என்றார். இறுதி ஆட்டத்துக்கு முன்னால் ஸ்டோர் ரூமில் உன் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே நான் சொன்னேன். நடுவில் வருகிற பந்தையெல்லாம் அக்காவுக்கு விட்டுவிடு. 'யுவர்ஸ்' என்று சத்தமாகச் சொல்லிவிட்டு ஓரமாக நில். அக்கா அடிக்கட்டும். நீ, ஏன்ப்பா என்று கேட்டாய். சொன்னதைச் செய் என்றேன்.

நீ சொன்னதைச் செய்தாய். அந்தப் பெண்ணுக்கு ஒரு பந்தும் அகப்படவில்லை. தோற்றீர்கள். எல்லார் முன்னாலும் அவர், உன் பொண்ணு மரம் மாதிரி நிக்குது மார்க்கர், டபுள்ஸ் அவளுக்கு வராது என்றார். நான் சிரித்தேன். ஆமாங்கய்யா, சின்னப் பொண்ணு, பயந்துட்டா என்றேன். நீ வாட்டர் கூலர் பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த மாதம் அவர் பேத்தியின் பழைய ராக்கெட்டைக் கொடுத்தார், நான் இரண்டு கையாலும் வாங்கி வந்தேன். அந்த ராக்கெட்டில்தான் நீ முதல் கோப்பை ஜெயித்தாய். அதனால் நான் செய்ததும் சரிதான் என்று எத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா.

வேலை போய்விடும் என்று பயம். குவார்ட்டர்ஸ் போய்விடும் என்று பயம். பயந்தது நான். நீ பயந்ததாகச் சொல்லிவிட்டேன்.

உன் அம்மாவுக்கு இது தெரியாது. நீ அவளிடம் சொல்லவில்லை என்பதும் எனக்குத் தெரியும், சொல்லியிருந்தால் பதினெட்டு வருடம் எனக்குக் காப்பி கிடைத்திருக்காது.

இதற்கு நீ பதில் எழுத வேண்டாம். அந்தப் பெண்ணிடம் என்ன சொன்னாய், அவள் என்ன சொன்னாள் என்றெல்லாம் சொல்ல வேண்டாம். விட்டுவிடப் போகிறாய் என்றாலும் சரி, விடு, இங்கே வந்து விடு. வீடு இருக்கிறது. உன் கட்டில் மேல் நான் கொஞ்சம் பழைய நெட் போட்டு வைத்திருக்கிறேன், எடுத்துவிடுகிறேன்.

விடவில்லை என்றால், நடுப்பந்துக்கு 'மைன்' என்று கத்து. முதலில் கத்து, அப்புறம் அடி. தப்பினாலும் பரவாயில்லை. அடுத்ததற்கும் கத்து.

வானிலை அறிக்கையில் வெள்ளிக்கிழமைக்கு மேல் மழை குறையும் என்கிறார்கள். இரண்டு நாள் வெயில் அடித்தால் கோர்ட் காய்ந்துவிடும். சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் மெம்பர்கள் வருவார்கள், அதற்கு முன்னால் காலி. பந்து போட என் முழங்கால் இன்னும் தாங்கும், ஓடத்தான் முடியாது. நடுவிலேயே போடுகிறேன்.

சீட்டு எடுத்தால் வத்தலக்குண்டில் இறங்கி பஸ் பிடி. மே மாதத்திலிருந்து மலைக்கு வருகிற கார்களுக்கெல்லாம் இ-பாஸ் போட வேண்டும், பஸ்ஸில் வந்தால் அந்தத் தொல்லை இல்லை. காலைப் பனியில் ஜன்னலோரம் உட்காராதே. அந்தப் பச்சை ஸ்வெட்டர் உன்னிடம்தானே இருக்கிறது? இங்கே பீரோவில் இல்லை.

இப்படிக்கு,
அப்பா