காரில் தின்பண்டம் வைக்காதே

தண்டையார்பேட்டை,
மாசி 12, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் பொற்கொடிக்கு அப்பா எழுதிக்கொள்வது.

இங்கே நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் தினமும் சாயங்காலம் மொட்டை மாடிக்கு ஏறிவிடுகிறாள். கேட்டால் வற்றல் எடுக்கப் போகிறேன் என்கிறாள். வற்றல் எடுக்கப் போகிறவளுக்குக் கையில் போன் எதற்கு என்று நான் கேட்பதில்லை.

என்னோடு பேசும்போது மட்டும் "சாப்பிட்டீர்களா அப்பா, மாத்திரை போட்டீர்களா" என்பதற்குள் உனக்கு ஆபீஸ் அழைப்பு வந்துவிடுகிறது. புனேயில் ஞாயிற்றுக்கிழமைகூட வேலை வைக்கிறார்கள் போலிருக்கிறது. அதனால்தான் தாளில் எழுதுகிறேன். விஷயம் உன் கார்தான். வேறொன்றும் இல்லை.

காருக்குள் எலி குடியேறிவிட்டது. பதறாதே, காலி செய்தாயிற்று. வாடையும் முக்கால் பங்கு போய்விட்டது.

போகிக்கு முந்தின நாள்தான் தெரிந்தது. பொங்கலுக்கு நீ வருவாயே, துடைத்து வைக்கலாம் என்று வாளியும் துணியுமாகப் போனேன். (நீ வரவில்லை. அது வேறு விஷயம்.) கதவைத் திறந்த வேகத்திலேயே மூடினேன். மூத்திர நெடி கண்ணைக் கரித்தது. சீட்டின் மேல் கருஞ்சீரகம் இறைத்தது போலப் புழுக்கை. தரை விரிப்பில் பஞ்சுத் துணுக்குகள்.

நம் வீட்டு மூக்கு லேசுப்பட்ட மூக்கு இல்லை. காசிமேட்டு மீன் வாடை நமக்கு வாடையே இல்லை. காற்று திரும்பினால் கொடுங்கையூர் குப்பைமேடு வீட்டுக்குள் வந்து உட்காரும். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தபோது உன் மாமா வீட்டுக்குத் துணி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்த என் சட்டையில் அந்த நாற்றம் நான்கு சலவைக்கும் போகவில்லை. அதே மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்த இரவு, மாமா குடும்பம் முழுவதும் முகத்தில் ஈரத்துணியோடு நம் வாசலில் வந்து நின்றதை நீயும்தான் பார்த்தாய். அத்தனையும் தாங்கிய மூக்கு உன் காரிடம் தோற்றுவிட்டது.

காரில் தின்பண்டம் வைத்துவிட்டுப் போகலாமா, சொல். சின்ன வயதிலிருந்து சொல்லி வருகிறேன், பள்ளிக்கூடப் பையில் பாதி தின்ற முறுக்கை வைக்காதே என்று. பையிலிருந்து காருக்கு வந்திருக்கிறாய், அவ்வளவுதான் முன்னேற்றம்.

முதலில் நான் செய்ததெல்லாம் தப்பு. அம்மா சாம்பிராணி போட்டாள். மறுநாள் டாஷ்போர்டில் கற்பூரம் வைத்தேன். பிறகு மல்லிகை வாசனை டப்பா ஒன்று வாங்கிக் கண்ணாடியில் தொங்கவிட்டேன். எலி கோவிலுக்குப் போய்விட்டு வந்தது போல இருந்தது, குறைந்தபாடில்லை. அதற்கு மேல் இன்னொரு பெரிய தப்பும் செய்தேன். சீட்டுக்கு அடியில் எலி மருந்து வைத்தேன். மருந்து தின்ற எலி தண்ணீர் தேடி வெளியே ஓடிப்போய்ச் சாகும் என்று நம் தெருவில் எல்லோரும் சொல்வார்கள். யார் பார்த்தார்கள்? அது ஏ.சி. காற்று வரும் குழாய்க்குள்ளேயே படுத்துச் செத்தது. அதன் பிறகு வந்த வாடையை நான் எழுத மாட்டேன். இனி யார் கேட்டாலும் சொல்: காருக்குள் மருந்து கூடாது, பொறிதான். பொறியில் விழுந்தால் எங்கே கிடக்கிறது என்றாவது தெரியும்.

மாவு மில்காரரோடு சண்டையும் போட்டேன். அவருடைய மில் சுவரோரம் கார் நின்றதால்தான் எலி வந்தது என்றேன். அவர், "ஐப்பசியிலிருந்து வண்டி நகரவே இல்லையே, நானாக இருந்தால் நானும் குடியேறியிருப்பேன்" என்றார். அவரோடு இப்போது பேச்சில்லை. ஆனால் அவர் சொன்னது சரி. வாரா வாரம் ஸ்டார்ட் செய்கிறேன் என்று உன்னிடம் சொன்னது பொய், பாப்பா. தீபாவளிக்குப் பிறகு நான் அந்தக் காரைத் தொடவில்லை. பேட்டரி செத்துவிட்டது. ஹாரன் ஒயரை எலி கடித்திருக்கிறது. எலிக்குப் பல் வளர்ந்துகொண்டே இருக்குமாம், எதையாவது கொறித்துத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். ஒயரை ஒட்டுப்போட்டுவிட்டேன், பேட்டரியும் புதிது. நீ பணம் அனுப்பாதே.

பிறகு ஒழுங்காக வேலையைத் தொடங்கினேன். கார் கழுவும் இடத்தில் ஏதோ ஓசோன் வாயு விட்டு வாடையை எடுப்பதாகச் சொன்னார்கள். கூட்டை எடுக்காமல் வாயு விட்டு என்ன பயன்? பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் 34 வருடம் ரயில் பெட்டிக்குள் சீட்டும் பெர்த்தும் மாட்டியவன் நான். பெட்டிக்கு எழுபது எண்பது பேர் உட்கார மாட்டியவனுக்கு ஐந்து பேர் உட்காரும் வண்டியைப் பிரிக்கத் தெரியாதா? நான் ஓய்வுபெற்ற மறு வருடம், 2018-இல், முதல் வந்தே பாரத் வண்டி அங்கிருந்து வெளியே வந்தது. அதில் என் கை படவில்லையே என்ற குறை உன் காரில்தான் கொஞ்சம் தீர்ந்தது.

இதைக் கவனமாகப் படி, அங்கே நீ தங்கியிருக்கும் வீட்டிலும் எலி இருக்கலாம். புழுக்கையைக் காய்ந்தபடி துடைப்பத்தால் பெருக்காதே. தூசி மூக்கில் ஏறும், எலி மூத்திரத்திலிருந்து எலிக்காய்ச்சல் வரும். நான்கு கதவையும் அரைமணி நேரம் திறந்து வைத்தேன். கையுறை, முகமூடி போட்டுக்கொண்டேன். பிளீச்சிங் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் பத்துப் பங்கு கலந்து பிளாஸ்டிக் பகுதிகளில் தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, காகிதத்தால் வழித்துப் பையில் கட்டிப் போட்டேன். சீட்டுத் துணியில் அதைத் தெளிக்கக் கூடாது, வெளுத்துவிடும். ஏ.சி.யை மட்டும் போட்டுப் பார்க்கவே கூடாது, உள்ளே இருப்பதெல்லாம் முகத்தில் வந்து விழும்.

டாஷ்போர்டுப் பெட்டியைக் கழற்றினால் பின்னால் ஏ.சி. பில்டர். அதன் மேல்தான் கூடு. உள்ளங்கை அளவு இருக்கும். சீட்டுப் பஞ்சு, டிஷ்யூ காகிதம், பில்டரையே பிய்த்த நார், உன் நீல துப்பட்டாவின் நூல். எல்லாவற்றையும் ஒரே பருமனாகக் கிழித்துச் சுற்றிச் சுற்றி வைத்திருந்தது. நடுவில் கட்டைவிரல் போகும் அளவு பள்ளம். என்னதான் எலியென்றாலும் கைவேலை கைவேலைதான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கொட்டினேன். செத்தது இன்னும் கீழே, காற்றாடிக்குப் பக்கத்தில் கிடந்தது. வால்தான் முதலில் தெரிந்தது. பில்டரைப் புதிதாகப் போட்டேன்.

துணியிலும் விரிப்பிலும் ஊறிய மூத்திரம்தான் பெரிய பாடு. வெளியே துடைத்தால் அடியில் இருக்கும் கம்பளிப் பஞ்சில் தங்கிவிடுகிறது. வெயில் ஏறினால் மறுபடி எழுந்து வருகிறது. நாய் வளர்க்கிறவர்கள் வாங்கும் என்சைம் திரவம் என்று ஒன்று இருக்கிறது. அது வாசனையால் மூடாமல், நாறுவதையே சிதைத்துத் தீர்க்கிறது. நன்றாக நனைத்து ராத்திரி முழுவதும் ஈரமாகவே விட வேண்டும். பிளீச்சிங் பட்ட இடத்தில் வேலை செய்யாது. அதற்குப் பிறகு சமையல் சோடா தூவி ஒரு நாள். பிறகு மெட்ரோவில் சென்ட்ரல் போய், நைனியப்ப நாயக்கன் தெருவில், வாடையை உறிஞ்சும் கிளர்வூட்டிய கரி ஒரு கிலோ வாங்கி வந்தேன். அம்மாவின் பழைய பாவாடைத் துணியில் சிறு சிறு மூட்டையாகக் கட்டிச் சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். அடுப்புக் கரி போதாதா என்றாள் அம்மா. போதாது. முன் கண்ணாடிக்குக் கீழே காற்று நுழையும் வழிக்குக் கம்பி வலை அடித்துவிட்டேன். சுண்டெலிக்குச் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை போதும். இஞ்சின் பக்கம் ஆட்டோக்காரர்கள் சொன்னபடி புகையிலையும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், அதில் எனக்கு நம்பிக்கை இல்லை, இருந்தாலும் இருக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே, காரில் தின்பண்டம் வைக்கக் கூடாது. ஒரு பிஸ்கட் துண்டு போதும்.

நம் தெருவில் சொந்தச் சம்பளத்தில் கார் வாங்கிய முதல் பெண் நீ. சக்கரத்துக்கு அடியில் நான் எலுமிச்சம்பழம் வைத்தேன், நீ நசுக்கினாய், மில்காரர்கூட கை தட்டினார். அந்தக் காரை இப்படிப் போட்டு வைத்தேனே என்று உனக்குக் கோபம் வரும். ஆனால் தின்பண்டத்தை உள்ளே விட்டது யார்?

மேலே இரண்டு மூன்று இடத்தில் உன்னைக் குற்றம் சொல்லி எழுதிவிட்டேன். திரும்பப் படித்தேன். அடித்துவிடலாம், ஆனால் அடித்தால் நீ வெளிச்சத்தில் பிடித்து என்ன எழுதினேன் என்று பார்ப்பாய். இருக்கட்டும்.

எந்தத் தின்பண்டம் என்று உனக்குத் தெரியும்.

இடது பக்க முன் சீட்டைக் கழற்றி எடுத்தபோது அடியில் அந்த அட்டைப் பெட்டி இருந்தது. ஒரு மூலை முழுவதும் இல்லை. உள்ளே கடலை மிட்டாய் ஒரு துண்டுகூட இல்லை, பிளாஸ்டிக் உறைகள் மட்டும் சல்லடையாகக் கிடந்தன. மூடி மட்டும் முழுதாக இருந்தது. கோவில்பட்டி என்று சிவப்பு எழுத்தில். அந்த மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பேப்பரில் உனக்கு நான்தான் படித்துக் காட்டினேன், நினைவிருக்கிறதா? அப்போது எனக்கும் கோவில்பட்டிக்கும் ஒரு சண்டையும் இல்லை.

அந்தத் தம்பி ஆவணி மாதம் ஞாயிற்றுக்கிழமை வந்தார். செருப்பை வாசலுக்கு வெளியே சேர்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பெட்டியை என் கையில் கொடுக்க வந்தவர், நான் கை நீட்டாததைப் பார்த்து மேசை மேல் வைத்தார். அம்மா பாலை அடுப்பில் வைத்தாள். நான் அவரிடம் கேட்டது ஒரே கேள்வி. "கோவில்பட்டியில் எந்தத் தெரு?"

அவர் தலையைக் குனியாமல் தெருவின் பெயரைச் சொன்னார். நான் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டேன். உள்ளே பால் பொங்கி வழிந்த வாடை வந்தது, யாரும் எழுந்து போகவில்லை. கிளம்பும்போது உன்னிடம், "இதையும் எடுத்துக்கொண்டு போ, எனக்குச் சர்க்கரை" என்றேன். எனக்குச் சர்க்கரை இல்லை. நான் போடுவது ரத்த அழுத்த மாத்திரை. உனக்கும் தெரியும், அவர் முன்னால் நீ எதுவும் சொல்லவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். சீட்டுக்கு அடியில் தள்ளியிருக்கிறாய். வேறு எங்கே வைப்பாய்?

மே தினத்துக்கு மே தினம் தொழிற்சாலை வாசலில் மைக் பிடித்தவன் நான். உன் தாத்தா இதே கேள்வியை உன் பெரம்பூர் அத்தை அழைத்து வந்தவரிடம் கேட்டபோது நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். அத்தை அதற்குப் பிறகு எந்தத் தீபாவளிக்கும் வரவில்லை. தாத்தா கடைசி நாளில் யாரைக் கேட்டார் என்று உனக்குத் தெரியும். எல்லாம் தெரிந்துதான் நானும் கேட்டேன். தெரியாமல் கேட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

நீ புனேக்கு மாற்றல் கேட்டு வாங்கியது ஆபீஸ் காரணத்துக்காக என்று சொன்னாய். நான் நம்பினேன். நம்பியது போல இருந்தேன். காரைப் பார்த்தாலே அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது, அதனால் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு அந்தப் பக்கமே போகவில்லை.

பெட்டியின் மூடியை அம்மாவிடம் காட்டினேன். அவள் ஒன்றும் பேசாமல் வாங்கிப் பார்த்துவிட்டுச் சமையலறை அலமாரியில் வைத்துவிட்டாள். குப்பையில் போட்டிருக்கலாம். போடவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை.

உன் கைச்செலவுக்குப் பணம் போதுகிறதா? அங்கே குளிர் குறைந்துவிட்டதா? ராத்திரி தனியாக ஆட்டோவில் வராதே. அந்த வீட்டுச் சமையலறையில் எலி இருந்தால் மருந்து வைக்காதே, பொறி வை.

பின் சீட்டுப் பஞ்சு மட்டும் இன்னும் முழுதாகக் காயவில்லை. மொட்டை மாடியில் நிற்க வைத்திருக்கிறேன்; அம்மாவுக்கு மாடியில் இப்போது உண்மையாகவே ஒரு வேலை இருக்கிறது, திருப்பிப் போடுகிறாள். இன்னும் நாலைந்து வெயில் போதும். பங்குனிக்குள் மாட்டிவிடுவேன். சித்திரைக்கு நீ வந்தால் நானே சென்ட்ரலுக்கு வருகிறேன். நான்கு பேர் தாராளமாக உட்காரலாம்.

அவர் மறுபடி ஏதாவது வாங்கி வந்தால் காரில் விட வேண்டாம், வீட்டுக்குள் கொண்டுவரச் சொல்.

இப்படிக்கு,
அப்பா