அதே டிசம்பர் 16

ஆசிரியருக்கு,

வெற்றி நாள் என்றால் பாகிஸ்தான் படை டாக்காவில் சரணடைந்த படம்தான் ஆண்டுதோறும் அச்சாகிறது. 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் அதே நாளில், மேற்கு முனையில் பசந்தர் ஆற்றருகே 21 வயது இந்திய டாங்கிப் படை அதிகாரி அருண் கேத்ரபால் இறந்தார். ராணுவத்தில் சேர்ந்து ஆறே மாதம். டாங்கி தீப்பற்றியதும் வெளியேறச் சொன்னார்கள். பீரங்கி இன்னும் வேலை செய்கிறது என்று மறுத்துவிட்டார். மறுநாளே போர்நிறுத்தம்!

அவருக்குக் கிடைத்த பரம்வீர் சக்கரத்தை, போர்வீரத்துக்கான நாட்டின் மிக உயர்ந்த விருதை, எல்லோரும் சொல்வார்கள். எனக்கு மறக்காதது வேறு: 2001-இல் பாகிஸ்தான் சென்ற அவருடைய தந்தையிடம், விருந்தளித்த பிரிகேடியரே, 'உங்கள் மகனைச் சுட்டது நான்தான்' என்று ஒப்புக்கொண்டார். அந்தத் தகப்பனார் அன்றிரவு தூங்கியிருப்பாரா?

பள்ளிப் பாடத்தில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கலாமே.

— ஒரு வாசகர், மதுரை